எல்லாருக்கும் ஒரு சாக்கு கெடைச்சிடுது

டோல்கீன் எழுதின லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல, பில்போங்கற ஹாபிட் (குள்ளமான ஒரு இனம்) வீட்ட விட்டுக் கெளம்பற சீன் ஞாபகம் இருக்கா? படத்துல வர்றத சொல்லல, புக்குல வர்றது. 111வது பொறந்தநாள் விருந்துல அத்தன பேர் பாத்துட்டு இருக்கறப்பவே, போட்டா ஆளு கண்ணுக்குத் தெரியாம போற மந்திர மோதிரத்த மாட்டி டக்குனு மறஞ்சு, வீட்டுக்குள்ள வந்து பழைய துணிய மாட்டிக்கிட்டு மூட்ட கட்டிட்டு இருப்பாரு. மந்திரவாதி கேண்டால்ஃப் வந்து, வாரிசு ஃப்ரோடோவுக்கு விட்டுட்டுப் போக வேண்டிய அந்த மோதிரம் எங்கன்னு கேப்பாரு. கவர்ல போட்டு கணப்புக்கு மேல வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு பில்போ, சொல்லி வாய மூடல, அட இல்லயே, என் பாக்கெட்லயே இருக்கு, இதென்ன கூத்துன்னு அவரே ஆச்சரியப்பட்டுட்டு, அடுத்த மூச்சுலயே, சரி இருந்தாத்தான் என்ன, இங்கயே இருக்கட்டுமேம்பாரு. அங்க ஆரம்பிச்ச பேச்சு முத்தி முத்தி, நான்தான கண்டெடுத்தேன், என்னுதுன்னு கத்தி, கை இடுப்புல இருக்கற குட்டி வாள் பக்கம் போற அளவுக்குப் போயிடும். ஒருவழியா ஒத்துக்கிட்டு கதவு வரைக்கும் போவாரு பாருங்க, அப்பவும் கவர் பாக்கெட்லதான். கேண்டால்ஃப் ஞாபகப்படுத்தினப்புறம் எடுத்து வைக்கப் போறப்ப கை தானா பின்னாடி இழுத்துக்கும், கவர் தரையில விழும், கேண்டால்ஃப் குனிஞ்சு லபக்குனு எடுத்து மேல வெச்சிடுவாரு. பில்போ மூஞ்சி ஒரு செகண்ட் கோவத்துல கோணும், அப்புறம் சிரிச்சிடுவாரு.

மொத தடவ படிச்சப்ப இத சும்மா தாண்டிப் போயிட்டேன், மோதிரத்தத் தேடி கருப்பு அங்கி போட்டு குதிரையில வர்ற ஆளுங்க எப்படா வருவாங்கன்னு இருந்துச்சு. மூணாவது தடவ படிக்கறப்பதான் ஒண்ணு உறைச்சுது. இந்த சீன் முழுக்க அந்த மோதிரம் ஒரு வார்த்த பேசல. பேசறதெல்லாம் பில்போதான். நல்ல மனுஷன், சாப்பாட்டு ராமன், யாருக்கும் தீங்கு நெனைக்காதவர், 60 வருஷம் அத பாக்கெட்ல வெச்சிருந்தவர், அவரு வாயிலருந்தே ஒண்ணு பின்னாடி ஒண்ணா காரணம் வந்துட்டே இருக்கு.

பவர் இருக்கற பொருள் வர்ற கதைங்கள அதுக்கப்புறம் நான் படிக்கற விதமே மாறிடுச்சு. யாரு மயங்கறாங்க யாரு தப்பிக்கறாங்கன்னு பாக்கறத விட்டுட்டு, யாரு என்ன சாக்கு சொல்றாங்கன்னு பாக்க ஆரம்பிச்சேன். பேராசதான் ஆள கவுக்குதுன்னு பொதுவா சொல்லிடுவோம், ஆனா இந்தக் கதைங்கள்ல எனக்கு அதிகாரம் வேணும்னு ஓப்பனா சொல்லிட்டு கை நீட்டற ஆளு ரொம்பக் கம்மி. மீதிப் பேர் எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கு, அதுவும் அவங்கவங்க அளவுக்குத் தெச்ச சட்ட மாதிரி கச்சிதமான நியாயம்.

ஸ்மீகல எடுத்துக்கோங்க, பின்னாடி கோல்லம் ஆகறவன். ஆத்துல மீன் புடிக்கப் போறாங்க, கூட வந்த டியாகல பெரிய மீன் ஒண்ணு தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போக, அவன் அடியில கெடந்த மோதிரத்த எடுத்துட்டு மேல வர்றான். ஸ்மீகல் கேக்கறது என்ன? இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள், அதக் குடு. டியாகல் சொல்ற பதில் எனக்கு ரொம்பப் புடிக்கும், உனக்குத்தான் ஏற்கனவே பரிசு குடுத்தாச்சே, என் சக்திக்கு மீறிக் குடுத்தேனேம்பான். அவ்ளோ சாதாரணப் பேச்சு. அடுத்த நிமிஷம் கழுத்த நெரிச்சுக் கொன்னுடறான். கொன்னவன் அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 500 வருஷம் இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, இது என் பொறந்தநாள் பரிசு, பாட்டி குடுத்ததுன்னு தனக்குத்தானே சொல்லிட்டு இருக்கான் பாருங்க, அங்கதான் எனக்கு அடிவயிறு கலங்கும். கேக்கறதுக்கு அங்க ஒரு ஈ காக்கா கெடையாது. யாருகிட்ட நிரூபிக்கணும்னு இந்தப் பொய்?

இங்க டோல்கீன் பண்ணின ஒரு வேல இருக்கு, தெரிஞ்சப்ப அசந்துட்டேன். பில்போவுக்கு மோதிரம் கெடைக்கற கத ஹாபிட்ங்கற முந்தின புக்குல இருக்கு, அது மொதல்ல வந்தது 1937ல. அந்தப் பதிப்புல விடுகத போட்டில பில்போ ஜெயிச்சா ஒரு பரிசு தர்றேன்னு கோல்லமே வாக்கு குடுப்பான், அந்தப் பரிசே மோதிரம்தான். தோத்தப்புறம் தேடிப் போவான், காணோம் (அது ஏற்கனவே பில்போ பாக்கெட்ல), மன்னிப்பு கேட்டுட்டு வழி காட்டி அனுப்பிவெப்பான். சமத்துப் பையன். அப்புறம் பெரிய கதைய எழுதறப்ப இந்த மோதிரத்த எவனும் மனசார விட்டுக்குடுக்கவே முடியாதுன்னு ஆயிடுச்சு, பழைய சாப்டர் இதுக்கு ஒத்து வரல. 1951 பதிப்புல அத மாத்திட்டாரு. வேற யாராவதா இருந்தா மாத்தினதோட விட்டிருப்பாங்க. இவரு பழைய வெர்ஷனயும் தூக்கிப் போடாம, அதுதான் பில்போ எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்த பொய்னு கதைக்குள்ளயே சேத்துட்டாரு! அதாவது பில்போ, மோதிரம் கைக்கு வந்த கொஞ்ச நாள்லயே, எனக்கு இது பரிசா கெடைச்சுதுன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்காரு. கொலகாரன் சொன்னதும் பரிசு, நல்லவன் சொன்னதும் பரிசு. கேண்டால்ஃபுக்கு மொதமொதல்ல பொறி தட்டினதே இங்கதான், ரெண்டு பொய்யும் ஒரே ஜாடையில இருக்கேன்னு. எழுத்தாளர் தன் தப்ப மறைக்கப் போட்ட ஒட்டு, கதையிலயே கூர்மையான எடமா மாறிடுச்சு.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி வாழ்ந்த ராஜா இசில்டுர் சொன்ன சாக்கு வேற ரகம். மோதிரத்த செஞ்ச கொடுங்கோலன் சாவ்ரானோட வெரல வெட்டி அத எடுத்த கையோட, பக்கத்துலயே நெருப்பு மலை, உள்ள போட்டு அழிச்சிடுன்னு கூட இருந்தவங்க சொல்றாங்க. அவரு, எங்கப்பாவும் தம்பியும் செத்ததுக்கு இது நஷ்டஈடுன்னு வாங்கிக்கிட்டாரு. கேக்க யாருக்கு மனசு வரும்? செத்த வீட்டுக்காரன்கிட்ட போய் வாதாட முடியுமா? ரெண்டே வருஷத்துல ஆத்துல நீந்தறப்ப அதே மோதிரம் வெரல விட்டு நழுவி, எதிரி கண்ணுல பட்டு, அம்பு பட்டு செத்தாரு.

மோதிரத்த அழிக்க ஃப்ரோடோ கூடக் கெளம்பின வீரன் போரோமிர் பத்தி எல்லாரும் நெறைய எழுதியாச்சு, நான் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். அவன் சொல்ற நியாயம் பொய் இல்ல. அவன் ஊரு நெஜமாவே அழியப் போகுது, மத்தவங்க பாதுகாப்பா இருக்கறதே இவங்க எல்லையில நின்னு சாகறதாலதான். ஃப்ரோடோகிட்ட தனியா பேசறப்ப எவ்ளோ அன்பா ஆரம்பிக்கறான்னு பாருங்க, தோள்ல கை வெச்சு, ஆலோசன சொல்ற மாதிரி, கடனா மட்டும் குடேன், முயற்சி பண்ணிப் பாக்கறேன்னு. கொஞ்ச நேரத்துல அந்தக் கடன் போய், அது என்னுதா இருந்திருக்கலாம், என்னுதாத்தான் இருக்கணும்னு வந்து நிக்குது. இந்த எடத்த நான் வாய்விட்டுப் படிச்சுப் பாத்திருக்கேன். எந்த வரியில மனுஷன் மாறினான்னு வெரல் வெச்சுக் காட்ட முடியல.

சரி என் கதைக்கு வர்றேன், ஏன்னா எனக்கும் ஒரு மோதிரம் கெடைச்சுது, மோதிரம் இல்ல, கிரீடம். பல வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு வாரா வாரம் உக்காந்து பகடை உருட்டற ரோல்ப்ளேயிங் கேம் ஆடிட்டு இருந்தோம். கேம நடத்தினவன் ஒரு பாழடைஞ்ச கோட்டையில என் கேரக்டர் கையில ஒரு கிரீடத்தக் குடுத்தான். போட்டுக்கிட்டு ஒரு கட்டள சொன்னா, கேக்கறவன் யாரா இருந்தாலும் அந்த ஒரு தடவ கீழ்ப்படிஞ்சே ஆகணும். சாபம் கீபம் ஏதாவது இருக்கான்னு மூணு வெதமா கேட்டேன், இல்லன்னு சத்தியம் பண்ணான். ஒரே ஒரு ரூல், ஒவ்வொரு தடவ யூஸ் பண்றப்பவும் ஏன் பண்ணினேன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அவன்கிட்ட குடுத்துடணும்.

நான் ஹீலர், கோயில் பூசாரி கேரக்டர், கத்தியே எடுக்க மாட்டேன்னு சபதம் எடுத்தவன், அதனால தைரியமா வாங்கிக்கிட்டேன். நல்லவன் கையில இருந்தா என்ன ஆயிடப் போகுது.

ஒரு ஆறு ஏழு வாரம் ஓடுச்சு. ஒருநாள் ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிக்கறப்ப, கொஞ்சம் இருங்கடான்னு ஒரு டப்பாவத் தொறந்து என் சீட்டெல்லாத்தையும் வரிசையா படிக்க ஆரம்பிச்சான். மொத சீட்டு ஒரு பக்கம் முழுக்க இருந்துச்சு, காவலாளிங்க அந்தச் சின்னப் பொண்ண கொன்னுடுவாங்க, வேற வழி எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், என் சபதத்துக்கு இது விரோதம் இல்ல ஏன்னா யாருக்கும் காயம் இல்லன்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி. ரெண்டாவது நாலு வரி. அப்புறம் ரெண்டு வரி. அஞ்சாவதோ ஆறாவதோ, வியாபாரி ரொம்ப பேரம் பேசறான், டைம் ஆகுது. அதுக்கடுத்தது, டைம் ஆகுது. கடைசி மூணு சீட்டு வெறுஞ்சீட்டு. எழுதவே இல்ல, மடிச்சு மட்டும் குடுத்திருக்கேன். எனக்கு அது ஞாபகமே இல்ல. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா காது சூடாயிடுச்சு. நெஜமாவே அந்தக் கிரீடத்துல சாபம் எதுவும் இல்லியாம், வெறும் கிரீடம்தான்.

இந்த எடத்துல பிளேட்டோவ இழுக்காம இருக்க முடியாது, மன்னிச்சிடுங்க. கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னாடியே அவரோட குடியரசு நூல்ல க்ளாக்கன்ங்கறவன் ஒரு கத சொல்றான். லிடியா நாட்டு ஆட்டிடையன் ஒருத்தன், நிலநடுக்கத்துல பூமி பொளந்த எடத்துல எறங்கறான், உள்ள வெண்கலக் குதிர, அதுக்குள்ள ஒரு பொணம், பொணத்து கையில மோதிரம். கல்ல உள்ளங்கைப் பக்கம் திருப்பினா ஆளு கண்ணுக்குத் தெரிய மாட்டான். அவன் நேரா அரண்மனைக்குப் போயி ராணியோட சேந்து ராஜாவ கொன்னுட்டு ஆட்சியப் புடிக்கறான். க்ளாக்கனோட வாதம், நல்லவனுக்கு ஒரு மோதிரம் கெட்டவனுக்கு ஒரு மோதிரம் குடுத்தா ரெண்டு பேரும் ஒரே வழியிலதான் போவாங்கங்கறது. வாதமா சரியா இருக்கலாம், கதையா எனக்கு இது பத்தல, ஏன்னா அந்த இடையன் எந்த சாக்கும் சொல்லாம நேரா போயிடறான். ஃபேன்டசி எழுதறவங்க புடிச்ச எடம் அந்த நடுவுல இருக்கற தூரம். ரெண்டு பேரும் கடைசில ஒரே எடத்துக்கு வரலாம், வர்ற பாத ஒண்ணு இல்ல.

வேணாம்னு சொன்னவங்கள பாத்தா இது இன்னும் தெளிவா தெரியும். கேண்டால்ஃப்கிட்ட ஃப்ரோடோ மோதிரத்த நீட்டறப்ப மனுஷன் பதறிடறாரு. அவருக்குத் தன்னோட சாக்கு என்னன்னு முன்கூட்டியே தெரியும், இரக்கம். எளியவங்க மேல இருக்கற இரக்கத்துல, நல்லது பண்ணணுங்கற ஆசையில அத எடுத்துப்பேன்னு அவரே சொல்றாரு. 1963ல டோல்கீன் எழுதின ஒரு லெட்டர் ட்ராஃப்ட்ல இன்னும் ஒரு படி மேல போயி, மோதிரம் கேண்டால்ஃப் கையில இருந்திருந்தா சாவ்ரான விட மோசமா ஆயிருக்கும்னு எழுதியிருக்காரு. ஏன்னா கடைசி வரைக்கும் அவரு தன்ன நல்லவர்னே நம்பிட்டு, ஊருக்கு எது நல்லதுன்னு தானே முடிவு பண்ணிட்டு இருந்திருப்பாரு. கொடுங்கோலன எதுத்து நிக்கலாம், உன் நல்லதுக்குத்தான்னு சொல்றவன எப்படி எதுக்கறது?

காட்டுல இருக்கற எல்ஃப் இனத்து ராணி கலாட்ரியல் வேற மாதிரி. கேண்டால்ஃப் கண்ண மூடிக்கிட்டு என்ன சோதிக்காதேங்கறாரு, அவங்க கண்ணத் தொறந்து முழுசா பாக்கறாங்க. ரொம்ப வருஷமாவே இது கைக்கு வந்தா என்ன பண்ணலாம்னு யோசிச்சதுண்டுன்னு ஒத்துக்கறாங்க, அந்த மகாராணிக் கோலத்த ஒரு நிமிஷம் ஃப்ரோடோ முன்னாடி போட்டுக் காட்டிட்டு, அப்புறம் வேணாங்கறாங்க. வேணாம்னு சொன்னா அவங்க காடும் வாடிடும், அவங்க கையில ஏற்கனவே இருக்கற வேற ஒரு மந்திர மோதிரமும் செத்துடும்னு தெரிஞ்சே சொல்றாங்க. எனக்கு கேண்டால்ஃப விட இவங்கதான் ஒசத்தி, இதுக்கு யாரு சண்டைக்கு வந்தாலும் சரி.

போரோமிரோட தம்பி ஃபராமிர் விஷயத்துல படத்து மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. 2002ல வந்த படத்துல அவன் ஃப்ரோடோவ புடிச்சு இழுத்துட்டுப் போவான், ஒருத்தன் ஈஸியா வேணாம்னுட்டா மோதிரத்து மேல பயம் போயிடும்னு படம் எடுத்தவங்க நெனச்சாங்க. புக்குல அவன் ஈஸியா எல்லாம் சொல்லல. ஃப்ரோடோ கொண்டு போறது என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே, அந்தப் பொருள் நடுரோட்டுல கெடந்தாலும் எடுக்க மாட்டேன்னு வாய் வார்த்தையா சொல்லி வெச்சுடறான். அப்புறம் ஃப்ரோடோ கூட வந்த தோட்டக்காரன் சாம் வாய் தவறி உளறிடறான், மோதிரம்னு தெரிஞ்சு போகுது, சுத்தி ஆளுங்க, கையில ஆயுதம், எதிர்ல ரெண்டு குட்டி ஹாபிட். அப்ப அவன் சொல்றது, என்னன்னு தெரியாம சொன்னதா இருந்தாலும் சொன்னது சொன்னதுதான், அத சத்தியமா எடுத்துக்கணும். தெரியாம சொன்னேன்ங்கறது எவ்ளோ நல்ல சாக்கு! கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு, அவன் தொடல.

இத படிக்கறப்பலாம் எனக்கு மணிமேகலையில வர்ற ஆபுத்திரன் ஞாபகம் வரும். அமுதசுரபி அவன் கையில இருந்துச்சு, அள்ள அள்ளக் கொறயாத பாத்திரம், ஊருக்கே சோறு போட்டான். இந்திரன் வந்து வரம் தர்றேன்னதுக்கு சிரிச்சு அனுப்பிட்டான், கடுப்பான இந்திரன் நாடு பூரா மழையக் கொட்டி வெளைய வெச்சு, பசின்னு ஒருத்தரும் வராத மாதிரி பண்ணிட்டான். சாவகத்துல பஞ்சம்னு கேள்விப்பட்டு கப்பல் ஏறினவன நடுவுல மணிபல்லவத் தீவுல விட்டுட்டு கப்பல் போயிடுச்சு. தனி ஆளு, ஆள் இல்லாத தீவு, கையில சோறு தர்ற பாத்திரம். இதவிட நியாயமான காரணம் எவனுக்குக் கெடைச்சிருக்கு? அவன் என்ன சொன்னான்னா, ஊர் உசுர காப்பாத்தின பாத்திரம் என் ஒரு உசுர மட்டும் காப்பாத்தறத என்னால தாங்க முடியாது. கோமுகிப் பொய்கையில பாத்திரத்த விட்டுட்டு பட்டினி கெடந்து செத்துட்டான். இதுல எனக்கு முழு சம்மதம் கெடையாது, சாப்ட்டுட்டு உசுரோட இருந்திருக்கலாமேன்னுதான் தோணும், ஆனாலும் அந்த வரி உள்ள குத்திட்டே இருக்கு.

ஹாரி பாட்டர் கதையில வர்ற ஹெட்மாஸ்டர் டம்பிள்டோருக்கு வர்றேன். அதிகாரம்தான் தன் பலவீனம்னு தெரிஞ்சுக்கிட்டு மந்திரி பதவியே வேணாம்னு ஸ்கூல்லயே இருந்த ஆளு. 2007ல வந்த கடைசி புக்குல தெரிய வரும், அவரையே ஒரு மோதிரம் சாய்ச்சிடுச்சு. சாபம் இருக்கும்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அதுல இருந்த கல்லு செத்தவங்கள கண்ணு முன்னாடி கொண்டு வர்ற கல்லு, செத்துப்போன தங்கச்சியையும் அப்பா அம்மாவையும் ஒரு தடவ பாத்து மன்னிப்பு கேட்டுடலாம்னு வெரல்ல மாட்டிடறாரு. வாழ்நாள் முழுக்க முன்வாசல்ல காவல் இருந்தாரு, அது பின்வாசல் வழியா வந்துடுச்சு. அதே புக்குல ஹாரியோட ஃப்ரெண்ட் ரான் கழுத்துல தொங்கின லாக்கெட், அத ஒடைக்கறதுக்காகத் தொறக்கறப்ப, நேராவே அவன்கிட்ட பேசும், உங்கம்மாவுக்கு உன்ன விட மத்தவங்கதான் இஷ்டம்ங்கற மாதிரி. பயமா இருக்கும், ஆனா எனக்கு அந்தக் கல்லு அளவுக்கு பயம் வரல, லாக்கெட்டாவது எதிரி குரல்ல பேசுது.

எல்ரிக் கத இன்னும் வேற. 1961ல மொத கத வந்துச்சு, மூர்காக் எழுதினது. நோஞ்சான் ராஜா, மூலிக மருந்து இல்லன்னா எந்திரிச்சு நிக்க முடியாது, ஸ்டார்ம்பிரிங்கர்ங்கற கருப்பு வாள் அடுத்தவன் உசுர குடிச்சு இவனுக்கு பலம் குடுக்கும். அவன் அத வெறுக்கறான், காதலிச்ச பொண்ணே அந்த வாளுக்கு பலியானப்புறமும் விட முடியல. இது ஆசையே இல்ல, நோயாளிக்கும் மருந்துக்கும் இருக்கற சம்பந்தம்.

சாம் பத்தி சொல்லாம முடிக்க முடியாது. சாவ்ரானோட நாடு மோர்டார் எல்லையில, ஃப்ரோடோ செத்துட்டான்னு நெனச்சு மோதிரத்த எடுத்து மாட்டிக்கிட்டவன். மாவீரன் சாம்வைஸ் எரியற வாளோட நடக்கறான், பின்னாடி படை, அவன் சொன்னதும் அந்தக் கரிக்காடு முழுக்க பூத்துக் குலுங்குதுன்னு ஒரு கனவு வருது. தோட்டக்காரனுக்குத் தோட்டமே லஞ்சம். மோதிரம் மத்த எல்லார் விஷயத்துலயும் செஞ்ச அதே வேலதான், உள்ள இருக்கற ஆசைய எடுத்து ஊதிப் பெருசாக்கறது. ஆனா ஊதின ஆசைய பாத்து சாமுக்கு கூச்சம் வந்துடுது. ஒரு சின்னத் தோட்டம், என் ரெண்டு கையால வேல பாக்கணும், அடுத்தவன் கையை ஏவறதுக்கு எனக்கு என்ன தேவன்னு விட்டுடறான். தோட்டம் வெச்சவனுக்குத்தான் தெரியும், படைய வெச்சு களை புடுங்கறதுல என்ன சொகம் இருக்கு.

கடைசில ஃப்ரோடோ. அவ்ளோ தூரம் சொமந்துட்டு வந்து நெருப்பு முன்னாடி நின்னு, வந்த வேலைய செய்யப் போறதில்ல, மோதிரம் என்னுதுங்கறான். திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன், காரணம்னு ஒரு வார்த்த இல்ல. பொறந்தநாள் இல்ல, நஷ்டஈடு இல்ல, ஊர காப்பாத்தறது இல்ல. என்னோட கடைசி மூணு சீட்டு மாதிரி வெறுஞ்சீட்டு. சமாதானம் சொல்லிக்கறதுக்கு உள்ள ஆளே மிச்சம் இல்ல. அந்த 1963 லெட்டர்லயே டோல்கீன் இத ஃப்ரோடோவோட தப்பா எடுத்துக்கல, அந்த எடத்துல யாராலயும் முடிஞ்சிருக்காதுன்னுதான் சொல்றாரு. கோல்லம் ஃப்ரோடோ வெரலக் கடிச்சு மோதிரத்தப் பிடுங்கி, கூத்தாடி, கால் வழுக்கி நெருப்புல விழுந்துதான் காரியம் முடியுது.

ஆனா எனக்கு மனசுல நிக்கறது அந்த நெருப்பு இல்ல. எல்லாம் முடிஞ்சு ஃப்ரோடோ திரும்பி வர்றப்ப, பில்போ ரொம்ப வயசாகி, அடிக்கடி தூங்கி வழிஞ்சுட்டு உக்காந்திருப்பாரு. பேச்சு வாக்குல, ஆமா, என் மோதிரம் ஒண்ணு நீ எடுத்துட்டுப் போனியே, என்ன ஆச்சும்பாரு. தொலஞ்சு போச்சு பில்போ, ஒழிச்சுட்டேன்பான் ஃப்ரோடோ. அடடா, இன்னொரு தடவ பாத்திருக்கலாம்னு சொல்லிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு, ச்சே, நான் ஒரு பைத்தியம், அத ஒழிக்கத்தான நீ போனங்கறாரு.